சொல்லாமல் போகிறவன்

பதினேழு வயதில் தொழில் தொடங்கிய பிள்ளைகளைப் பற்றி அவ்வப்போது பேப்பரில் போடுகிறார்கள். ஒருவன் காளான் வளர்த்திருப்பான், ஒருத்தி கேக் செய்து விற்றிருப்பாள். கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோவும் இருக்கும். சேந்தங்கரை இனியவனும் பதினேழு வயதில்தான் தொழில் தொடங்கினான், அதுவும் யாரிடமும் போய் நிற்காமல், சொந்தமாக. அவனைப் பற்றி ஒரு பேப்பரிலும் வரவில்லை. செத்தவர்களைக் கிடத்தி வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க யாருக்கு மனசு வரும்?

அவன் ஆசைப்பட்டது வேறு. மைக்செட்காரனாக வேண்டும் என்றுதான் கிளம்பினான். லீவு நாட்களில் நன்னிலத்தில் ஒரு மைக்செட் கடையில் வேலைக்கு நின்றான். கல்யாண வீட்டுக்குச் சீரியல் லைட் கட்டுவது, திருவிழாவுக்கு மூங்கில் நட்டுக் குழாய் ஸ்பீக்கர் ஏற்றுவது, காதுகுத்துக்குப் பாட்டுப் போடுவது, எல்லாமே அவனுக்குப் பிடித்திருந்தது. அந்தக் கடைக்கு வருகிற போனில் பாதி சாவு வீட்டுப் போன். மைக் கட்ட வேண்டும் என்பார்கள், கையோடு, "ஐஸ் பெட்டி இருக்குங்களா?" என்றும் கேட்பார்கள். "நம்மகிட்ட இல்லீங்க, திருவாரூர்ல கேட்டுப் பாருங்க" என்று முதலாளி வைத்துவிடுவார். இதையே கேட்டுக் கேட்டு இனியவனுக்கு ஒன்று உறைத்தது. கல்யாணத்துக்கு ஓடி வர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சாவுக்கு ஆள் இல்லை. முதலில் ஒரு பெட்டி வாங்குவது, அது சம்பாதித்துக் கொடுத்ததும் அதைத் தள்ளிவிட்டு மைக்செட் வாங்குவது. கணக்கு ரொம்ப நேராக இருந்தது. பதினேழு வயதில் எல்லாருடைய கணக்கும் நேராகத்தான் இருக்கும்.

அவன் அம்மா தங்கம்மாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அவன் ஆறாவது படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். நடவுக்கு மிஷின் வந்து, களைக்கும் மருந்து வந்த பிறகு ஊரில் பெண்களுக்கு வேலை என்பதே சொற்பமாகிவிட்டது. அதை நம்பி ரெண்டு பிள்ளைகளை ஆளாக்க முடியாது என்று மகளைக் கூட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். பிளஸ் டூ முடிக்க வேண்டியிருந்ததால் இனியவன் மட்டும் ஊரில் நின்றான். முடித்த பிறகும் நின்றுகொண்டான். காலேஜுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததைத் தொழிலுக்குக் கேட்டபோது, என்ன தொழில் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்.

"ஊருல வேற தொழிலே இல்லையாடா?"

"இருக்கும்மா. எல்லாத்துலயும் ஆள் இருக்கு."

"உன்ன நாலு பேரு வீட்டுக்குள்ள சேப்பாங்களாடா?"

"நான் எதுக்கும்மா வீட்டுக்குள்ள போறேன்? கூடத்துல இறக்கி வச்சிட்டு வந்துடுவேன்."

அவள் கேட்டது அதை இல்லை. அவனுக்கு அது அப்போது புரியவில்லை. மறு வாரம் அவள் பணத்தை அனுப்பிவிட்டாள்.

அவன் வாங்கியது திருப்பனந்தாளில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு விற்ற பழைய பெட்டிதான். ஸ்டீல் உடம்பு, மேலே கண்ணாடி மூடி, கீழே நான்கு சக்கரம். ஏற்றி இறக்க நன்னிலம் மருதையன் வந்தார். குட்டி யானை என்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி அவருக்குச் சொந்தம். வாழைத்தாரும் ஏற்றுவார், சிமெண்டும் ஏற்றுவார், இதையும் ஏற்றினார். பேச்சுக் குறைவு. கடையென்று ஒன்று இல்லாததால் பெட்டியை இனியவன் தன் வீட்டு முன்கூடத்தில் போட்டுக்கொண்டான். வீட்டில் இருந்தது அவன் ஒருவன், இனிமேல் பெட்டியோடு சேர்த்து ரெண்டு உருப்படி.

தொழில் என்றால் போர்டு வேண்டும் அல்லவா. போன் நம்பரைப் பெரிதாகப் போட்டு ஒரு பிளக்ஸ் அடித்துக்கொண்டு அவன் நாள் முழுக்க அலைந்தான். டீக்கடைக்காரர், "வேற எங்கயாச்சும் கட்டு தம்பி, காலங்காத்தால இத பாத்துட்டா யாரு டீ குடிப்பா?" என்றார். சலூன்காரர் சரி என்று கட்டிக்கொண்டார். சாயங்காலம் அவர் மனைவி வந்து அவிழ்த்து, மடித்து, அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். மடிக்கும்போது நம்பர் உள்பக்கம் வருகிற மாதிரி மடித்தாள், அவ்வளவு ஜாக்கிரதை. கடைசியில் தன் வீட்டு முகப்பிலேயே கட்டினான். அன்றிலிருந்து அது ஐஸ் பெட்டி வீடாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் எதிர்ச்சாரிக்குப் போய் நடந்தார்கள்.

முதல் சாவு ஒரு ரிட்டயர் ஆன வாத்தியார். இனியவன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெட்டியை இறக்கி, துடைத்து, உடம்பை உள்ளே வைக்க உதவி, குளிர் ஏறுகிறதா என்று நின்று பார்த்தான். எல்லாம் முடிந்ததும் மூத்த மகனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "போயிட்டு வரேங்க" என்றான்.

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது.

சாவு வீட்டில் யாரும் 'வரேன்' என்று சொல்லக்கூடாது. வந்த மாதிரியே, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும், இனியவனுக்கும் தெரியும். ஆனால் வாய்க்குத் தெரியவில்லை. பெட்டிக்காரனே, பெட்டியை வைத்துவிட்டு, அடுத்து வருகிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? யாரோ ஒரு பெரியவர் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "தொழிலுக்கு வந்தவன் இதக்கூட தெரிஞ்சிக்காமயாடா வருவ?" என்றார்.  

அதற்குப் பிறகு அவன் வாயைப் பழக்கினான். போவது, இறக்குவது, வைப்பது, தலையைக் குனிவது, வெளியே வருவது. யாராவது முகத்தைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வது. ஒரு வார்த்தையும் கிடையாது. வீட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய பையன் அந்த வருஷத்தில் ரொம்ப நல்ல பெட்டிக்காரனாகிவிட்டான். குடவாசல் வரைக்கும் கூப்பிட்டார்கள். "அந்தப் பய ஒண்ணும் பேசாது, வந்தது தெரியாது, போனது தெரியாது" என்று பெயர் வாங்கினான். தொழிலுக்கு அது நல்ல பெயர். வாழ்க்கைக்கு அவ்வளவு நல்ல பெயரா என்று யாரும் யோசிக்கவில்லை.

பழக்கம் என்பது வேலை முடிந்ததும் சட்டையோடு கழற்றி மாட்டுகிற சாமானா என்ன? மளிகைக்கடையில் சாமான் வாங்கிவிட்டுச் சொல்லாமல் நடந்தான். சலூனிலிருந்து சொல்லாமல் எழுந்தான். டீக்கடைக்கு அவன் வந்தாலே பெஞ்சில் இருக்கிறவர்கள், "யாருடா? எந்த ஊருல?" என்றார்கள். டீ குடிக்கத்தான் வந்தேன் என்றால் சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். கூடப் படித்த பையனின் அக்கா கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வரவில்லை. மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த கல்யாணத்துக்கும் வராதபோது அப்படி நினைக்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமை, அவன் யாரையும் நலம் விசாரிக்க முடியாமல் போனது. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் தெரிந்த பெண் ஒருத்தி, தஞ்சாவூர் மெடிக்கலில் அப்பாவைச் சேர்த்துவிட்டு வந்து நின்றாள். பாவம், முகமெல்லாம் வாடியிருந்தது. இவன் நிஜமான இரக்கத்தோடு பக்கத்தில் போய், "அப்பாவுக்கு இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னும் இருக்காரு. நீ போ" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து அவன் அழுதான். அவள் மேல் கோபமில்லை, அவள் இடத்தில் இருந்திருந்தால் தானும் அதைத்தான் சொல்லியிருப்பான் என்று தெரிந்ததால் அழுகை இன்னும் வந்தது.

ஒரே ஒரு வீடு மட்டும் மிச்சம் இருந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் பள்ளிவாசல் தெரு, அதில் மூன்றாவது, அப்சர் வீடு. அப்சரும் இனியவனும் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. அப்சரின் அப்பா நௌஷாத், அந்த வீட்டில் அவர் அத்தா, குவைத்தில் இருந்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து, பெட்டி நிறையச் சாமான் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். வீட்டில் அம்மா நஃபீசாவும் அப்சரும்தான். தங்கம்மாள் திருப்பூருக்குப் போன அன்றைக்கு நஃபீசா கூப்பிட்டு, "ராத்திரி சோறு இங்கதான்டா. ரெண்டு பேருக்கு ஆக்குறதும் மூணு பேருக்கு ஆக்குறதும் ஒரே வேலைதான்" என்றாள். அவனும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

பெட்டி வாங்கிய பிறகும் அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. "கைய கால கழுவிட்டு வா, ஆணம் ஆறுது" என்பாள், அவ்வளவுதான். குழம்பை அந்தத் தெருவில் ஆணம் என்பார்கள். அவள் வைக்கிற மீன் ஆணத்துக்கு அவன் எந்தக் குழம்பையும் விட்டுக்கொடுப்பான். அந்தத் தெருவில் யாராவது மவுத்தானால் அன்றைக்கே எடுத்து அடக்கம் செய்துவிடுவார்கள், பெட்டியைத் தேட மாட்டார்கள். அதனால் அங்கே அவன் பெட்டிக்காரன் இல்லை, அப்சரின் சிநேகிதன். கிளம்பும்போது, "வரேம்மா" என்பான். "போயிட்டு வா" என்பாள். தன் வீட்டில் பூட்டைத் தவிரச் சொல்லிக்கொண்டு கிளம்ப ஒருவருமில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் சொல்லவே கூடாது. நாளுக்கு ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

அப்சருக்குத் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்கு விசா வந்தது. வெளிநாடு போகிறவர்கள் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வருவது அவர்கள் வழக்கம். அப்சரை ஒரு வாரம் பைக்கில் வைத்து ஓட்டியவன் இனியவன்தான். ஒவ்வொரு வீட்டிலும் அப்சர் உள்ளே போவான், இவன் பைக்கில் சாய்ந்துகொண்டு வெளியே நிற்பான். "நீயும் வாடா" என்பான் அப்சர். "நல்ல காரியத்துக்குப் போற, நீ போயிட்டு வா" என்பான் இனியவன். வெளியே நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் போகிறவன் நல்லபடியாகப் போக வேண்டும் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

கிளம்புகிற நாள் வீடு நிறையச் சனம். பிரியாணி வாசனை தெரு முனை வரைக்கும் வந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கார். இனியவன் காலையிலேயே போய்ச் சூட்கேசை அடுக்கி, எடை பார்த்து, அதிகமானதை எடுத்து, நைலான் கயிறு கட்டி, அதன் மேல் அப்சர் பெயரையும் எழுதினான். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பயணத்துக்காகத் துஆ ஓத உட்கார்ந்தார். ஆண்கள் கூடத்தில் கையேந்தி உட்கார்ந்தார்கள். இனியவன் கொல்லைப்புறத்துப் படியில் நின்றிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திருவாரூர் பக்கத்தில் ஒரு வீடு, வெயில் காலம், உடனே வேண்டும். மருதையனைக் கூப்பிட்டான், அவர் வண்டியோடு இனியவன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பதாகச் சொன்னார்.

பெட்டிக்காரன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. துஆ முடிகிற வரைக்கும் நிற்க முடியுமா என்று பார்த்தான், முடியவில்லை. மனசு அதற்குள் வேலைக்குப் போய்விட்டது. சமையல்கட்டு வாசலில் நஃபீசா நின்றிருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். தலையைக் குனிந்து, சத்தமில்லாமல், கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

திருவாரூர் பக்கத்து வீட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இறந்தவரின் மனைவி அவனைப் பார்த்தாள். அதே சிவந்த கண், அதே முந்தானை. பழக்கத்தில் இவன் கண்ணைத் தாழ்த்தினான். தாழ்த்திய பிறகுதான் உறைத்தது. பயணம் கிளம்புகிற வீட்டிலிருந்து, பிள்ளையை அனுப்புகிற தாயின் முன்னால், சாவு வீட்டிலிருந்து போவது போலச் சொல்லாமல் வந்திருக்கிறான். போன் பண்ணலாம் என்று எடுத்தான். சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு அந்த வீட்டுக்கா போன் பண்ணுவது? பஸ் ரோட்டுக்கு நடந்து வந்து அப்சருக்கு அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

அப்சர் மறுநாள் வாட்ஸப்பில் குரல் அனுப்பினான். "ஏன்டா சொல்லாம போயிட்ட? கார்ல ஏறுற வரைக்கும் தேடுனேன்." இனியவன், வேலை வந்துவிட்டது என்று எழுதினான். அப்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நஃபீசா கூப்பிடவில்லை, கூப்பிடாமல் ராத்திரிச் சோற்றுக்குப் போய் நிற்க இவனுக்குத் துணிவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்படியும் போன் வரும், "வாடா, ஆணம் வச்சிருக்கேன்" என்று. அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. பள்ளிவாசல் தெரு வழியாகப் போகிற சாக்கில் ஒரு தரம் போய்ப் பார்த்தான். கதவு பாதி மூடியிருந்தது. தட்டக் கை எழவில்லை. ரேஷன் கடையில் ஒரு நாள் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இவன் அரிசி வாங்காமலே திரும்பிவிட்டான்.

அப்சருக்குத் துபாயில் சரியாக அமையவில்லை. கடை திறக்க இன்னும் நாளாகும் என்று ரூமிலேயே உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் காய்ச்சல் வேறு. "அம்மா போன் பண்ணா ஒரே அழுவாச்சிடா" என்று அப்சர் சொன்னபோது, அந்த அழுகைக்கெல்லாம் தான்தான் காரணம் என்று இனியவன் முடிவு கட்டிவிட்டான். மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்லலாம். ஊரே நம்மைச் சகுனமாகப் பார்க்க ஆரம்பித்தால் நாமும் நம்மை அப்படிப் பார்க்க எத்தனை நாள் ஆகும்?

வீட்டில் சோறாக்கித் தனியாகச் சாப்பிட்டான். கூடத்தில் பெட்டி கிடக்கும். அதில் யாராவது படுத்திருக்கிறார்கள் என்ற பயமெல்லாம் அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. யாருமே இல்லை என்பதுதான் பயமாக இருந்தது. அந்த வீட்டுக்குள் அவன் குரலே கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று ஒரு நாள் தோன்றியது. சும்மா ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தான். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

கும்பகோணத்தில் ஒரு பார்ட்டி பெட்டியை விலைக்குக் கேட்டார்கள். கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து மருதையனிடம் சொன்னான்.

"குடு. அப்பறம் என்ன செய்வ?" என்றார் அவர்.

"தெரியலண்ணே. அந்த வீட்டுல மறுபடி சேத்துக்குவாங்கள்ல."

மருதையன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். எந்த வீடு என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரியும்.

கொடுப்பதற்கு முன்னால் நஃபீசாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் போனான். கதவு அன்றைக்கும் பாதிதான். வாசலில் நின்று, "அம்மா" என்றான். குரல் கொஞ்சம் பிசிறியது.

"யாரு?"

"நான்தாம்மா. இனியவன்."

 உள்ளேயிருந்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்று கேட்டது.

அவள் கூடத்துக்கு வந்தாள். இளைத்திருந்தாள். அவன் உள்ளே வராமல் படியில் நின்றபடியே, மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னான்.

"பெட்டிய விக்கப் போறேம்மா. அன்னைக்கு அப்சர் கிளம்புறப்ப நான் சொல்லாம போயிட்டேன். வேணும்னு செய்யல. வாய் அப்படிப் பழகிடுச்சு. இந்தப் பெட்டி இருக்கற வரைக்கும் அது போகாது. அவனுக்கு அங்க ஒண்ணும் சரியா அமையாததுக்கு நான்தான்..."

"நிறுத்து" என்றாள் நஃபீசா. "பயந்தேன்தான், பொய் சொல்ல மாட்டேன். அவன் போய் எறங்கிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி எறங்கல. போன் வந்துச்சு, பயம் போயிடுச்சு. அதுக்கப்பறம் கோவம்தான்."

"கோவமா?"

"பின்ன? ஆறாவதுலேர்ந்து வந்துபோற புள்ள. அவன் கார்ல ஏறுறதுக்குள்ள நீ தலையக் குனிஞ்சிகிட்டுக் கொல்லப்பக்கம் போயிட்ட. சரிதான், இவன் இத்தன நாளு அப்சருக்காகத்தான் வந்திருக்கான், அவன் கிளம்புனதும் இவனும் போயிட்டான்னு நெனச்சேன். ஒரே நாள்ல ரெண்டு பேரும் போனா எனக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆணம் வச்சி, கதவத் தொறந்து வச்சிகிட்டு உக்காந்திருக்கேன். வரணும்னு நெனப்பிருந்தா நீ வருவ. நான் எதுக்குக் கூப்புடணும்?"

அவன் பாதி மூடியிருந்ததாகப் பார்த்த கதவு, அவள் பாதி திறந்து வைத்த கதவு. ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு ரெண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.  இனியவனுக்குச் சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது, ரெண்டையும் செய்யாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

தட்டு வைத்துச் சோறு போட்டாள். கெண்டை மீன் ஆணம். அவன் சாப்பிட, அவள் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அப்சருக்குக் காய்ச்சல் விட்டது, கடை இந்த மாசம் திறந்துவிடுவார்களாம், அத்தா ரெண்டு நாளாகப் பேசவில்லை, எல்லாம் சொன்னாள். அவள் பேசிக்கொண்டே போவதைப் பார்த்தால் ரொம்ப நாளாக யாரிடமும் பேசவில்லை என்று தெரிந்தது. பேச்சு நின்றபோது, தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உன் பெட்டி எத்தன நாளு தாங்கும்?"

"மூணு நாள் வரைக்கும் ஒண்ணும் ஆகாதும்மா" என்றான், வேலைக்குப் பதில் சொல்கிற குரலில். பிறகுதான், "யாருக்கும்மா?" என்றான்.

"எனக்குத்தான்."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"பதறாத, சாப்புடு. இப்ப இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். எப்பயாச்சும் ஒரு நாள். எங்கள்ல அன்னைக்கே எடுத்துடுவாங்க, மய்யித்த காக்க வைக்கக் கூடாதும்பாங்க. அது சரிதான், நான் இல்லங்கல. ஆனா அத்தா ஒரு நாட்டுல, இவன் ஒரு நாட்டுல. நான் இங்க ஒருத்தி. ரெண்டு பேரும் வந்து மொகத்தப் பாக்குற வரைக்கும் நீ கொண்டாந்து வச்சிரு. ஒரு நாளு போதும். யாராச்சும் சத்தம் போட்டா, அம்மாதான் சொன்னாங்கன்னு சொல்லு."

"அம்மா, இதெல்லாம்..."

"வேற யாருகிட்டடா சொல்லுவேன்? அவன்கிட்ட சொன்னா அழுவான். அவருகிட்ட சொன்னா போன வச்சிடுவாரு. நீதான் இங்க இருக்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுனாலதான் சொல்றேன், விக்காத."

முடியாது என்று சொல்லத்தான் அவனுக்கு வாய் வந்தது. உலகத்தில் அவனை மனுஷனாகப் பார்த்த வீடு இது ஒன்று. அந்தப் பெட்டியை நினைக்காமல் அவன் உட்கார்ந்த கூடமும் இது ஒன்றுதான். இங்கேயும் அதைக் கொண்டுவரச் சொல்கிறாள். பிள்ளை என்று நினைத்ததால் கேட்கிறாள், வேறு எவனிடமும் கேட்க மாட்டாள், அதுவும் தெரிந்தது. அவன் தலையை ஆட்டினான்.

"சரிம்மா. விக்கல."

"இன்னும் கொஞ்சம் சோறு?"

"போடுங்க."

அவள் குண்டானை எடுக்க உள்ளே போனாள். சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியை எங்கே போடலாம், கரண்ட் எங்கே எடுக்கலாம் என்று சுவரைச் சுற்றிப் பார்ப்பது அவன் தொழில். இந்த வீட்டில் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறான், ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. இப்போது கண் அவனைக் கேட்காமலே போய்விட்டது. வாசலுக்கு நேராக, டிவிக்குக் கீழே, ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. பெட்டியின் வயர் அதுவரைக்கும் எட்டும்.